செங்குழியத்தின் கட்டுச்சோறு

வார்ட்டு வாசலிலேயே மைமூனா மறித்துக்கொண்டாள். கையை நீட்டி மறிக்கவில்லை. மறிக்க வேண்டிய விதத்தில் நின்றாள், அவ்வளவுதான். தடித்த உடம்பு, கறுப்பு அபாயா, கையிலே சுடுதண்ணிப் போத்தல். அவளைத் தாண்டி உள்ளே போவதென்றால் காற்றாகத்தான் போக வேண்டும்.

"புள்ள இப்பதான் கண்ணயர்ந்தான். நீ பொறகு வா" என்றாள்.

"நான் தொட மாட்டன் மாமி. எட்டி நிண்டு பாத்திட்டுப் போறன்."

"பாக்கிறதுதானே புள்ள பயமா இரிக்கி."

சொல்லிவிட்டாள்! இரண்டு நாளாக ஊரெல்லாம் சாடைமாடையாகச் சொல்லித் திரிந்ததை இப்போது மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் அடக்கி வைக்கிற நுஸ்ஹா டீச்சர், அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தபடி படியிறங்கினாள்.

உள்ளே நீல வெளிச்சத்துக்குக் கீழே கிடப்பது நுஸ்ஹாவின் ஒரே தம்பி றாஸிக்கின் தலைப்பிள்ளை. ஆண் பிள்ளை. பிறந்து இன்னும் இரண்டு கிழமையாகவில்லை. றாஸிக் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் பெண்சாதி பாஹிமாவின் வீட்டோடு போய்விட்டவன். இந்தப் பக்கத்தில் அதுதானே நடைமுறை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருகிற ஆள். ஆகவே தம்பியின் பிள்ளையை நுஸ்ஹா பார்க்க வேண்டுமென்றால் பாஹிமாவின் உம்மா மைமூனா கதவு திறக்க வேண்டும். மைமூனா பூட்டினால் பூட்டியதுதான். தம்பி நல்லவன்தான், ஆனால் மாமியாருக்கு முன்னால் அவனுடைய முதுகெலும்பு எங்கே போகிறதோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

நுஸ்ஹாவுக்குப் பிள்ளை இல்லை. உண்டானதெல்லாம் தங்காமல் போனது. ஒன்று மட்டும் ஐந்து மாதம் வரை நின்றது. அந்த ஐந்து மாதத்துக்குள் இந்தப் பைத்தியக்காரி கல்முனைக் கடைத்தெருவில் ஏறியிறங்காத கடையில்லை. குட்டிச் சட்டை, தொப்பி, பூப்போட்ட மெத்தென்ற போர்வை. பிறகு அதெல்லாவற்றையும் மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் பழைய பூச்சி உருண்டைகளை எடுத்தெறிந்துவிட்டுப் புதிய வெள்ளை உருண்டைகளைப் போடுவாள். கணவன் பாயிஸ் பார்த்தும் பார்க்காதவன் போல் போய்விடுவான். அவனும் பாவம், என்ன சொல்ல?

தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும் அந்தத் தட்டைத் திறந்தாள். முடி களைகிற அன்று வாப்பாவின் சகோதரி உடுப்புக் கொண்டுபோய்ப் போடுவது அவர்களுடைய குடும்பத்து வழக்கம். உருண்டை மணம் மூக்கைத் துளைத்தது. கழுவலாம், ஆனால் கழுவினால் புதுசு புதுசாக இருக்குமா? பின்னேரம் கொடியிலே போட்டு ஆறவிட்டாள். அப்படியும் போகாத மணத்துக்கு, பாயிஸ் உம்றாவிலிருந்து கொண்டுவந்த அத்தரை மடிப்புக்கு மடிப்பு தடவினாள். அந்த வீட்டில் எல்லோரும் போர்வையை மூக்கில் வைத்து, "மக்கத்து மணம்" என்று மெச்சினார்கள்.

அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கி உடுத்தி, "என்ன நிறம்டா இவன், பாலுக்குள்ள முக்கி எடுத்தாப்போல" என்று சொல்லிக் கொஞ்சினாள். கண்ணூறு படாதிருக்க மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துபோனாள். சந்தோசத்தில் மறந்ததுதான். மைமூனா மறக்கவில்லை. இரண்டு நாளில் பிள்ளை மஞ்சளாகியது, மூத்திரம் தேயிலைச் சாயம் போலப் போனது. பிள்ளையில்லாதவளின் கண்ணூறு! வேறென்ன? ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். மஞ்சள் ஏறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீல வெளிச்சத்தில் போட்டார்கள், இரத்தம் ஏற்றினார்கள். சற்றுக் குறைந்தது, மறுநாள் திரும்பவும் ஏறியது. ஏன் ஏறுகிறதென்று டொக்டர்மாருக்கே விளங்கவில்லை. மைமூனாவுக்கு நன்றாக விளங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாடசாலைக்குப் போனாள் நுஸ்ஹா. லீவு போட்டிருக்கலாம். வீட்டில் இருந்தால் அழுகைதான் வரும், வகுப்பிலென்றால் பாடம் வரும். அன்றைக்கென்று பார்த்து உயர்தரப் பிள்ளைகளுக்குப் புரதத் தொகுப்பு. அதைப் படிப்பிப்பதில் கல்முனைப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, அது அவளுக்கும் தெரியும். கலத்தின் கருவுக்குள்ளே டீ.என்.ஏ., அதிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதி, பிரதியைப் பிடித்து வாசிக்கிற றைபோசோம், மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று பலகை நிறையக் கீறினாள். ஓர் எழுத்தை அழித்து வேறோர் எழுத்தைப் போட்டுக் காட்டினாள்.

முன்வரிசைப் பிள்ளையொருத்தி கேட்டாள்: "றைபோசோமுக்கு அது பிழை எண்டு விளங்காதா டீச்சர்?"

"விளங்காது மகள். என்ன எழுதியிரிக்கோ அதக் கோக்கும். ஆரையும் குத்தம் சொல்லாது."

வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்கிற வசனம்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே வந்தபோது போன் அடித்தது. றாஸிக்.

"றாத்தா, கெதியா வா. டொக்டர் என்னமோ கண்டுபிடிச்சிட்டாவாம். பரம்பரை, நொதியம் எண்டெல்லாம் சொல்றா. ஒரு சாமானும் விளங்கல்ல. மாமி வேற கத்துறா."

"நான் வந்தா இன்னும் கத்துவா."

"கத்தட்டும். நீதான் இதப் படிப்பிக்கிற. வா."

அட, தம்பிக்கு முதுகெலும்பு வந்துவிட்டதே!

டொக்டர் உசாந்தினி தம்பிலுவில் பெண். வேகமாகக் கதைக்கிறவள், ஆனால் மனம் நல்ல மனம். வார்ட்டு மூலையில் கதிரைகளைப் போட்டு உட்கார்த்தியிருந்தாள். பாஹிமா பிள்ளையைப் போர்வையால் சுற்றிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நுஸ்ஹாவைக் கண்டதும் "வாங்க மதினி" என்று கண் கலங்கினாள். மைமூனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரத்தத்தில இருக்கிற செங்குழியங்கள் உடையுது. உடைஞ்ச கலங்களை நுணுக்குக்காட்டியில பார்த்தனாங்கள்" என்றாள் டொக்டர். "ஒரு நொதியம் குறைவா இருக்கும் எண்டு நினைக்கிறம். ஜீ சிக்ஸ் பீ டீ எண்டு சொல்லுவம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு. பரம்பரையா வாறது."

"எங்கட பரம்பரையில ஒரு நோயுமில்ல!" என்று எழுந்துவிட்டாள் மைமூனா. "என்ன கதை இது? நேத்து வந்த மஞ்சளுக்குப் பரம்பரையா?"

டொக்டர் நுஸ்ஹாவைப் பார்த்தாள். "நீங்க பயோலொஜி டீச்சராம். உங்கட பாசையில சொல்லுங்களன்."

நுஸ்ஹா மைமூனாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். பாடம் என்றதும் அவளுக்கு ஒரு தைரியம் வந்துவிடும்.

"மாமி, உங்கட ஊட்டு உறுதிப் பத்திரம் எங்க இரிக்கி?"

"அலுமாரிக்குள்ள. அது என்னத்துக்கு இப்ப?"

"கந்தோருக்குக் கொண்டு போறண்டா அதையேவா தூக்கிட்டுப் போவீங்க?"

"எனக்கென்ன விசரா? போட்டோக்கொப்பி எடுத்துத்தான்."

"அதேதான். நம்மட உடம்பில கலத்துக்குக் கலம் ஒரு உறுதி இரிக்கி. உடம்புக்கு என்னென்ன செய்யணும் எண்டு அதுக்குள்ள எழுதியிரிக்கி. எழுத்து நாலே நாலுதான். உறுதி வெளிய வராது, கொப்பிதான் வரும். வந்த கொப்பிய ஒரு சின்ன மிசின் பிடிச்சி மூண்டு மூண்டு எழுத்தா வாசிக்கும். மூண்டு எழுத்துக்கு ஒரு மணி. இந்த மணியக் கொண்டா, அந்த மணியக் கொண்டா எண்டு கேக்கும். சுமந்து கொண்டு வாறத்துக்கு ஆளிரிக்கி. வந்தத வரிசையாக் கோத்துக்கிட்டே போகும். போதும் எண்டு எழுதின இடத்தில விட்டிரும். கோத்த மாலை தானாச் சுருண்டு மடிஞ்சி ஒரு வடிவத்துக்கு வரும். அதுதான் புரதம். டொக்டர் சொல்ற நொதியமும் அப்பிடி ஒரு மாலைதான்."

மைமூனா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது இங்கேதான் இருந்தது. டொக்டர் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"நம்மட மகன்ட உறுதியில அந்த இடத்தில ஒரு எழுத்து மாறியிரிக்கி. அதால ஒரு மணி மாறிப் போச்சி. ஒரே ஒரு மணிதான். ஆனா மடிப்பு இறுகல்ல, மாலை கெதியாக் கழண்டு போகுது."

"கழண்டா வேற செய்யிறதானே" என்றாள் மைமூனா, சுவரைப் பார்த்தபடி.

அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததே என்று நுஸ்ஹாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். என்ன செய்வது, டீச்சர் புத்தி.

"மத்தக் கலமெண்டாச் செய்யும் மாமி. செங்குழியத்தால ஏலா. அது வளந்து ரெத்தத்துக்குள்ள எறங்கக்குள்ள உறுதியையும் வீசிரும், மிசினையும் வீசிரும். ஒட்சிசன் சுமக்க இடம் வேணுமே! ஆழ்கடலுக்குப் போற போட்டுக்குச் சோறு கட்டிக் குடுக்கிறல்லியா, அதுமாதிரி. கட்டிக் குடுத்தது எவ்வளவோ, அவ்வளவுதான். நடுக்கடல்ல ஒல வைக்க ஏலாது. நல்ல நொதியமெண்டாக் கரை வரும் மட்டும் தாங்கும். மகனுக்குக் கட்டின சோறு கெதியாப் பழுதாகிற சோறு. எண்டாலும் சும்மா இரிந்தா சமாளிச்சிருவான். ஏதாவது நஞ்சு மாதிரி வந்து தாக்கினாத்தான், தடுக்க ஒண்டுமில்லாமக் கலம் உடையும்."

"அப்ப இவனுக்கு என்ன வந்து தாக்கின?" றாஸிக் கேட்டான்.

நுஸ்ஹாவுக்கு அது தெரியாது. பாடப்புத்தகத்தில் அவ்வளவு தூரம் இல்லை. டொக்டரைப் பார்த்தாள்.

"அதுதான் நானும் தேடுறன்" என்றாள் உசாந்தினி. "சில மருந்துகள். ஒரு வகை அவரை விதை. சின்னப் பிள்ளையளுக்கு முக்கியமா, உடுப்புக்குள்ள போடுற பூச்சி உருண்டை இருக்கே, அது. தோலாலயும் மூச்சாலயும் உள்ள போகும். அப்பிடி வச்ச உடுப்பு ஏதும் போட்டனீங்களா?"

"இல்லவே இல்ல!" மைமூனா முந்திக்கொண்டாள். "எல்லாம் சவுக்காரம் போட்டுக் கழுவிக் காயவெச்ச உடுப்பு. வேணுமெண்டா மணந்து பாருங்க, அத்தர் மணம்தான் வரும்."

யா அல்லாஹ்! நுஸ்ஹா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பாஹிமாவின் மடியில், பூப்போட்ட போர்வைக்குள்ளே, பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்குக் கீழே போடும்போது குறைகிறது, திரும்பவும் ஏறுகிறது. ஏறாமல்? பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளேதானே சுற்றுகிறார்கள்!

ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்து, நைசாகப் போர்வையை எடுத்து ஒளித்துவிட்டால் பிள்ளையும் தப்பும், அவளும் தப்புவாள். இப்படியொரு எண்ணம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அவளும் மனுசிதானே. ஆனால் பாஹிமாவின் வீட்டிலே சட்டைகள் கிடக்கின்றன, தொப்பி கிடக்கிறது. டொக்டருக்குக் காரணம் தெரியாவிட்டால் இன்னும் எதையெதையோ தேடிப் பிள்ளையைக் குத்துவார்கள். சொன்னாலோ, மைமூனா கதவைப் பூட்டித் திறப்பைக் கடலில் எறிந்துவிடுவாள்.

"பாஹிமா, அந்தப் போர்வையக் கழட்டு" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "கழட்டு புள்ள, கெதியா! அது உருண்டைக்குள்ள கெடந்தது. எண்ட அலுமாரிக்குள்ள, வருசக்கணக்கா. நான் கழுவல்ல. மணம் தெரியாம இரிக்க அத்தரப் பூசினன். சட்டை, தொப்பி எல்லாம் அதுக்குள்ள கெடந்ததுதான்."

டொக்டர் பாய்ந்து போர்வையை உருவினாள். தாதியைக் கூப்பிட்டுப் பிள்ளையைத் துடைக்கச் சொன்னாள், பாஹிமாவை உடுப்பு மாற்றச் சொன்னாள், போர்வையைப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியே அனுப்பினாள். அந்த அமளியில் நுஸ்ஹா சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். வெட்கம் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

"அப்ப நான் சொன்னது சரிதானே" என்றாள் மைமூனா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கண்ணாலயோ கையாலயோ, நீதானே."

நுஸ்ஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டொக்டர் வந்து உட்கார்ந்தாள். "இனிக் குறையும், யோசிக்காதீங்க. எனக்கு இன்னுமொண்டு தெரியவேணும். பாஹிமாட பக்கத்தில, ஆம்பிளப் பிள்ளையள் ஆருக்கும் பிறந்தவுடன மஞ்சள் வந்து..."

பாஹிமா உம்மாவைப் பார்த்தாள். "எனக்கு மூத்த ஒரு நானா இரிந்தவராம் டொக்டர். பொறந்து கொஞ்ச நாள்ல மௌத்தாம்."

மைமூனாவின் கையிலிருந்த சுடுதண்ணிப் போத்தல் கதிரைக் காலில் இடித்தது. "மஞ்சளாத்தான் போனான்" என்றாள்.

நுஸ்ஹாவுக்குப் பலகையில் கீறியது போல எல்லாம் தெரிந்துவிட்டது. ஆண் பிள்ளைக்கு இந்த எழுத்து இருக்கிற எக்ஸ் நிறமூர்த்தம் உம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். இவனுக்குப் பாஹிமாவிடமிருந்து, செத்துப்போனவனுக்கு மைமூனாவிடமிருந்து. என்னைக் கைகாட்டினாயே, உன் இரத்தத்தைப் பார்! நாக்கின் நுனியில் வந்து நின்றது வசனம். மைமூனாவே வாசலைத் திறந்தும் விட்டாள்.

"இது ஆர்ட பக்கத்தால வாறது?" என்று கேட்டாள். டொக்டரைக் கேட்கவில்லை, நுஸ்ஹாவைக் கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்தாள் நுஸ்ஹா. கோபமெல்லாம் வடிந்து, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் முகம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த முகத்தை நுஸ்ஹா தன் வீட்டுக் கண்ணாடியில் கண்டிருக்கிறாள்.

"உம்மாமார்ட பக்கத்தால மாமி" என்றாள் மெதுவாக. "ஆனா இது சும்மா வந்த பிழையில்ல. அந்தக் காலத்தில காடு வெட்டி வயல் செய்யக்குள்ள மலேரியாக் காச்சல்ல ஊரூராச் செத்தாங்க. அந்தக் கிருமி செங்குழியத்துக்குள்ளதான் குடியிரிக்கிற. இந்த எழுத்து மாறின ஆக்கள்ட கலத்துக்குள்ள அதால வடிவா வளர ஏலா. ஒங்கட மூத்த ஆக்கள் தப்பினதே இதாலயாவும் இரிக்கும். அவங்க தப்பினதாலதான் நீங்க, பாஹிமா, இந்த மகன். ஒருத்தரும் தெரிஞ்சி குடுக்கிறல்ல மாமி."

"டீச்சர் சொல்றது சரி" என்றாள் டொக்டர். "உங்கட மகனுக்கும் இதுதான் எண்டு இப்ப என்னால அடிச்சிச் சொல்ல ஏலா அம்மா. இருந்திருக்கலாம்."

மைமூனா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "பாஹிமாட வாப்பாட தங்கச்சி சுலைஹா எண்ட மகனப் பாக்க வந்த அண்டைக்கு வெறுங்கையோடதான் வந்தவள். வந்தாள், பாத்தாள், போனாள். அவனச் சுத்தியிரிந்த சீலை எண்ட பெட்டிக்குள்ள இரிந்து நான் எடுத்த சீலை. உருண்டை போட்டு வெச்சிரிந்த." எழுந்தாள். போத்தலைக் கதிரையிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். அவளோடு எவரும் போகத் துணியவில்லை.

மறுநாள் பின்னேரம் றாஸிக் போன் எடுத்தான். மஞ்சள் இறங்கிவிட்டதாம், இரத்தம் உடைவது நின்றுவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ். "மாமி உன்ன வரச் சொல்றா" என்றான்.

"ஏசுறத்துக்கா?"

"தெரியா றாத்தா. ராவு முழுக்க ஒரு கதையுமில்ல."

ஏசட்டும் என்றுதான் போனாள். கடைசியாக ஒருமுறை பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். மைமூனா வெளியே கிளம்புகிற கோலத்தில், தோளில் பையோடு, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தூக்கி நுஸ்ஹாவின் நெஞ்சோடு வைத்தாள். நுஸ்ஹாவுக்குக் கை வரவே சற்று நேரம் பிடித்தது.

"பால் குடிச்சிட்டான். ஏவறை வரும் மட்டும் தோள்ல போட்டு வெச்சிக்க" என்றாள் மைமூனா. "நான் வர நேரமாகும்."

"எங்க உம்மா போறீங்க?" பாஹிமா கேட்டாள்.

"நிந்தவூருக்கு. சுலைஹாட ஊட்ட."

பாஹிமா வாயைப் பிளந்தாள். பிறந்த நாளிலிருந்து நேற்று வரை அந்த வீட்டுப் பெயரை அவள் அந்த வாயால் கேட்டதில்லை. கண்ணூறு போட்டுப் பிள்ளையைக் கொன்றவள் என்று மைமூனா அந்த மனுசியின் நல்லது கெட்டது எதற்கும் போகாதவள். சுலைஹாவின் கணவன் இறந்தபோது மையத்து வீட்டுக்குக்கூடப் போகாதவள்.

"போய் என்ன சொல்லப் போறீங்க? அவங்க கதவத் திறப்பாங்களா?"

மைமூனா தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சரியாக இருந்தது.

"திறந்தா உள்ளுக்க இரிந்திட்டு வருவன். திறக்காட்டி வெளிய இரிந்திட்டு வருவன்."